என் பேஜில் இல்லாத மலை

வெயிலில் வைத்த ஜோடி

சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் ஒரு ஜோடி ஷூவை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, பேக்கிங் ஹால் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்தார். நாங்கள் குனிந்து பார்த்தோம். இடது கால் ஷூ ஒரு பிரவுன். வலது கால் ஷூ வேறு பிரவுன். ஒன்றில் லேசாகச் சிவப்பு ஓடியது, மற்றதில் லேசாகப் பச்சை.

அடுத்த பெட்டியும் அப்படித்தான். அதற்கடுத்த பெட்டி பரவாயில்லை. அதற்கடுத்தது மறுபடியும் அப்படி. பேக்கிங் லிஸ்ட் பிரின்ட் எடுத்துக்கொண்டு போன நான் அந்தக் காகிதத்தோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தத் தோல் லாட்டை ஷேடு பார்த்துப் பாஸ் பண்ணியவர் ஷபீர் பாய். எங்கள் தொழிற்சாலையில் தோல் நிறம் பிரிக்கும் அசார்ட்டிங் ஹாலின் முதல் மேஜைக்காரர். ஆனால் எந்த நேரம் வரைக்கும் ஷேடு பார்க்கலாம் என்று அவருக்குச் சொன்னது நான் எழுதிய ஒரு வெப் பேஜ். இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது ஞாபகத்தில் இல்லை.

இ.டி.பி. என்கிற எங்கள் கம்ப்யூட்டர் செக்ஷனில் இப்போது புதுப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். என் தப்பை நானே எழுதுவது சரிதான் என்று இன்றுவரை முழுசாக நம்பிக்கை இல்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

வரதன் சார் கேட்ட நான்கு நேரங்கள்

இரண்டாயிரத்து ஐந்தில் நான் ஆம்பூரில் வேலைக்குச் சேர்ந்தபோது என் மகள் ரூபிக்கு ஐந்து மாதம். எனக்குச் சொந்த ஊர் சத்துவாச்சாரி. கணவர் பாகாயத்தில் லேப் டெக்னீஷியன். தினமும் ஆம்பூரிலிருந்து ரயிலில் காட்பாடி போய் அங்கிருந்து பஸ் பிடிப்பார். அவ்வளவு அலைச்சல் எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். காரணம் ஒன்றுதான். நான் விண்ணப்பித்த இடங்களில் இந்தத் தொழிற்சாலையில் மட்டும்தான் க்ரெச் இருந்தது. குழந்தையைக் கூடவே கொண்டுவரலாம், பால் கொடுக்க நாளுக்கு இரண்டு தடவை போய்வரலாம். இந்த வேலை போனால் எனக்கு வேலை என்பதே இல்லை. ஆறு மாதம் புரோபேஷன். டிசம்பர் கடைசியில் கன்ஃபர்மேஷன் ஆர்டர் வர வேண்டும்.

புரொடக்‌ஷன் மேனேஜர் வரதன் சார் நான் சேர்ந்த இரண்டாம் மாதமே என்னைக் கூப்பிட்டார். அவருக்கு இரண்டு தொல்லைகள். ஒன்று, பௌர்ணமிக்கு முந்தின நாளே ஸ்டிட்ச்சிங் லைனில் பாதிப் பேர் கிரிவலத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இன்னொன்று, ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கிற நேரத்துக்கு லைனை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொருவர் ஒவ்வொரு நேரம் சொல்கிறார்கள் என்றார்.

"சூரியன் எப்போ வருது, எப்போ போவுது. நிலா எப்போ வருது, எப்போ போவுது. நாலே டைம். எந்தத் தேதியைத் தட்டினாலும் சொல்லணும். அவ்ளோதாம்மா."

ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஃபார்முலாவைத் தேடிப் பிரின்ட் எடுத்தேன். முதலில் சென்னையின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மனசு கேட்கவில்லை. சென்னையைவிட ஆம்பூர் மேற்கே இருக்கிறது, ஆறு நிமிஷம் வித்தியாசம் வரும். நோன்பு திறக்கிற விஷயம். மறுநாள் காலையில் முதல் வேலையாக அட்லஸ் வாங்கி ஆம்பூருக்கு மாற்றினேன். நாற்பது நாளுக்குக் காலண்டரோடு ஒப்பிட்டு, அந்த ஆறு நிமிஷத்தைக் கூட்டிக் கழித்துச் சரி பார்த்தேன். ஒரு நாளும் பிசகவில்லை. பிறகும் திருப்தியில்லாமல் இன்னொரு தடவை பார்த்தேன்.

லோக்கல் சர்வரில் போட்டோம். தொழிற்சாலையில் இருந்த ஐந்து கம்ப்யூட்டரிலும் அது திறந்தது. 'சன் மூன் பேஜ்' என்று பேர் வைத்தார்கள். ரம்ஜான் மாதம் முழுக்க லைன் என் பேஜைப் பார்த்துத்தான் நின்றது. மசூதியில் பாங்கு சொல்வதும் எங்கள் பெல் அடிப்பதும் ஒன்றாகவே இருந்தன. கேன்டீனில் எனக்கு நோன்புக் கஞ்சி தனியாக எடுத்து வைத்தார்கள். அந்த ஒரு மாதம் போல நான் வேலையில் சந்தோஷமாக இருந்தது கிடையாது.

பிறை

ரம்ஜான் இருபத்தொன்பதாம் நோன்பன்று சாயங்காலம் கெமிக்கல் ஸ்டோர் மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் பிறை பார்க்க ஏறினார்கள். நானும் ஏறினேன். சூரியன் மறைந்த பிறகு நாற்பது நிமிஷம் நிலா இருக்கும் என்று என் பேஜ் சொல்லியிருந்தது. வானத்தில் மேகம் இல்லை. எல்லாரும் மேற்கே பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை.

நான் சங்கடத்தில், "இருக்கணும் பாய், கம்ப்யூட்டர்ல இருக்கு" என்றேன்.

ஷபீர் பாய் சிரித்தார். "கம்ப்யூட்டர் பார்த்தா எங்களுக்குச் செல்லாதும்மா. எங்க கண்ணுல படணும்." அப்புறம் மேற்கே இருந்த மலையைக் கையால் காட்டினார். "உன் நிலா அதுக்கு அந்தாண்ட இருக்கும், போய்க் கூட்டிட்டு வா."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் ஊருக்குள்ளிருந்து பிறை தெரிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அப்பாடா, பேஜ் சரி என்றுதான் நினைத்தேன். நம் மாடியிலிருந்து ஏன் தெரியவில்லை என்று யோசிக்கவே இல்லை. பாய் காரணத்தைச் சொல்லியே விட்டார். நான்தான் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"கரெக்ட் சார்"

தோல் ஷேடு பார்ப்பதை டியூப் லைட்டில் செய்ய முடியாது. வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல்கள் வைத்து, அந்த வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள். ஒரே டிரம்மில் சாயம் ஏறிய தோல்கள்கூட ஒன்றுபோல் இருக்காது. பையர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு தோலையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரே நிறம் உள்ளதை ஒரே கட்டாகக் கட்டுவார்கள். ஒரு கட்டிலிருந்துதான் ஒரு ஜோடியின் இடதும் வலதும் கட்டிங்குக்குப் போகும்.

ஷபீர் பாயும் மற்ற ஐந்து அசார்ட்டர்களும் அந்த மாதங்களில் ஐந்து மணி தாண்டியதும் வேலையை நிறுத்திவிடுவார்கள். அதற்குமேல் கட்டு கட்டுவது, எண்ணி அடுக்குவது மட்டும்தான். நவம்பர் நடுவில் ஒரு பெரிய ஷிப்மென்ட் நெருக்கியது. வரதன் சார் அசார்ட்டிங் ஹாலுக்கு வந்தபோது மேஜையெல்லாம் காலியாக இருந்தது. அங்கே பிரின்டர் சரி பண்ணிக்கொண்டிருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

"மலை நிழல் வந்துட்ச்சு சார்" என்றார் பாய். "இனிமே பார்த்தா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்."

வரதன் சார் மேஜை மேலிருந்த மானிட்டரைப் பாய் பக்கம் திருப்பினார். சூரிய அஸ்தமனம் 5.46 என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து இருபது.

"கிரேஸ், இந்த டைம் கரெக்ட்தானே?"

"கரெக்ட் சார்."

"கம்ப்யூட்டர் இன்னும் அரை மணி இருக்குன்னு சொல்லுது. உங்களுக்கு டீ டைம் வந்தா மட்டும் மலை வந்துடுது."

யாரோ சிரித்தார்கள். பாய் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. "படிச்ச பொண்ணு சொல்லுது, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி அடுத்த கட்டைப் பிரித்தார். எனக்கு ஏதோ ஒன்று உறுத்தியது. ஆனால் கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தானே சொன்னேன் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அன்றிலிருந்து பேஜில் வரும் அஸ்தமனத்துக்குக் கால் மணி நேரம் முன்புவரை ஷேடு பார்க்க வேண்டும் என்று சர்க்குலர் போனது. அதை டைப் அடித்தவளும் நான்தான்.

பத்துப் பதினைந்து நாள் அப்படி ஓடியது. இன்ஸ்பெக்டர் ஷூவை வெயிலில் வைத்தது அதற்குப் பிறகு.

க்ரெச் ஜன்னல்

இன்ஸ்பெக்டர் போனதும் வரதன் சார் என்னைக் கூப்பிட்டு மெமோ டிக்டேட் பண்ணினார். கவனக்குறைவு காரணமாக ஷபீர் அசார்ட்டிங் மேஜையிலிருந்து எடுக்கப்பட்டு, திங்கட்கிழமை முதல் சோக்கிங் யார்டுக்கு மாற்றப்படுகிறார். சோக்கிங் யார்டு என்றால் உப்புப் போட்ட பச்சைத் தோலை இறக்கித் தண்ணீரில் ஊறவைக்கிற இடம். இருபது வருஷம் விரல் நுனியால் நிறம் பிரித்தவரை அங்கே அனுப்புவது வெறும் இடமாற்றம் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

பாதி டைப் பண்ணினேன். மணி ஐந்தானது. ரூபிக்குப் பால் கொடுக்கப் போனேன்.

க்ரெச்சுக்கு மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல். சாயங்காலத்தில் அந்த ஜன்னல் கம்பிகளின் வழியாகத் தரையில் நாலைந்து வெயில் கட்டம் விழும். ரூபி அப்போது தவழ ஆரம்பித்திருந்தாள். பால் குடித்ததும் இறங்கி அந்த வெயிலைக் கையால் பிடிக்கப் போவாள். பிடித்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்துவிடும். அவள் உதட்டைப் பிதுக்குவாள். க்ரெச்சைப் பார்த்துக்கொள்ளும் குப்பம்மாள் அக்கா அவளைத் தூக்கி வழக்கமாக ஒன்று சொல்வார். அன்றும் சொன்னார்.

"மலை முழுங்கிடுச்சு கண்ணு. காலைல துப்பும்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து பதினேழு. என் பேஜில் அன்றைக்கு 5.46.

ஒரு மாதமாக நான் அந்த வார்த்தையைத் தினமும் கேட்டிருக்கிறேன். கேட்டுச் சிரித்துவிட்டு இ.டி.பி.க்குத் திரும்பி வந்து 5.46 என்று எழுதிய பேஜின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஃபார்முலாவுக்குத் தரை சமதளம். கண்ணுக்கு எட்டும்வரை ஒன்றுமே மறைக்காத ஒரு ஊருக்கு அது நேரம் சொல்கிறது. எங்கள் தொழிற்சாலைக்கு மேற்கே மலை இருக்கிறது. அது என் பேஜில் இல்லை.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. என் வாட்ச் தப்பாக இருக்கலாம் என்று நினைத்தேன். வெயில் போனாலும் வெளிச்சம் இருக்கிறதே, பாய்தான் கவனிக்காமல் விட்டிருப்பாரோ என்றும் நினைத்தேன். டிசம்பர் கடைசி என்பதையும் நினைத்தேன். ரூபியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கணவரிடம் சொன்னபோது அவர் ஒன்றுதான் கேட்டார். நீ சொல்லலேன்னா உன் வேலை நிலைக்கும், சரி, அந்த மேஜைப் பக்கம் எப்படிப் போவே என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இன்ஸ்பெக்டர் ரிஜெக்ட் பண்ணிய பெட்டியிலிருந்து ஒரு ஜோடியைக் கேட்டு வாங்கினேன். மத்தியானம் அசார்ட்டிங் ஹால் வடக்கு ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். இரண்டு நிறம். குழந்தைகூடச் சொல்லும். சாயங்காலம் மலை நிழல் ஷெட் மேல் ஏறிய பிறகு அதே ஜன்னலில் அதே ஜோடியை வைத்தேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது, பேப்பர் படிக்கலாம். ஆனால் அதில் லேசாக நீலம் கலந்திருந்தது. இரண்டு ஷூவும் ஒரே பிரவுன். எத்தனை தடவை கண்ணை மூடித் திறந்தாலும் ஒரே பிரவுன்.

வரதன் சார் ஹாலுக்கு வந்தது

அவர் அறைக்குப் போய், ஒரு ஐந்து நிமிஷம் அசார்ட்டிங் ஹாலுக்கு வர முடியுமா சார் என்று கேட்டேன். மெமோ எங்கே என்றார். வந்து சொல்கிறேன் சார் என்றேன்.

ஹாலில் பாயும் மற்றவர்களும் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜோடியை ஜன்னல் ஓரம் வைத்தேன்.

"இது அந்த ரிஜெக்ட் ஜோடி சார். இதுல எது சிவப்பு ஓடுறது, எது பச்சை ஓடுறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார்."

அவர் குனிந்தார். எடுத்துத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பேஜ் தப்பா?"

"பேஜ் சரி சார். அதுல மலை இல்ல. அஸ்தமனத்துக்கு அரை மணி முன்னாடியே மலை நிழல் வந்துடுது. பாய் அன்னைக்குச் சொன்னதுதான் சரி."

"நான் கேட்டப்ப கரெக்ட்டுன்னு சொன்னியே."

"டைம் கரெக்டான்னு கேட்டீங்க சார். நான் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துட்டுச் சொல்லியிருக்கணும்."

அவர் ஷூவைக் கீழே வைத்தார். பிறகு மெமோ டைப் பண்ணிட்டியா என்று கேட்டார். பாதிதான் சார் என்றேன். பாதியோடு நிறுத்து என்றார். சர்க்குலர் தன் கையெழுத்தில் போனது என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனார். பாயிடம் அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் ரிஜெக்ட் பெட்டிகள் அத்தனையும் அசார்ட்டிங் ஹாலுக்கு வந்தன, எப்படிப் பிரிக்கணும்னு ஷபீரைக் கேட்டுச் செய்யுங்க என்ற உத்தரவோடு.

அசார்ட்டர்கள் இரண்டு முற்பகல் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தார்கள். இந்தப் பெட்டியின் இடதுக்கு அந்தப் பெட்டியின் வலது, அளவும் நிறமும் சேரும்படி மாற்றி மாற்றி ஜோடி போட்டார்கள். முக்கால்வாசிக்குமேல் தேறியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி நம்பர் எழுதினேன். எந்த நம்பரை எழுதினாலும் சரியா பாய், சரியா பாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"இன்னா கிரேஸு, இப்பத்தான் கேட்கத் தெரிஞ்சுதா" என்றார். நான் அடுத்த நம்பரை எழுதினேன். அவர் ஒரு ஷூவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு நாளா உன்ன நெனச்சுத்தான் பேஜாரா இருந்துச்சு. நான் சோக்கிங்ல போய் நின்னா உப்பு நாத்தம், அவ்ளோதான். நீ குழந்தைய வெச்சுக்கினு எங்க போவே? இந்த வேலை போச்சுன்னா எங்க டேபிளுக்கு வந்துடு. கண்ணு நல்லாத்தான் இருக்குது, ஜன்னல் பக்கம் திரும்பத்தான் மாட்டேங்குது."

மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். அழுகையை அடக்கிக்கொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

டிசம்பர் கடைசியில் என் கன்ஃபர்மேஷன் ஆர்டர் வரவில்லை. புரோபேஷன் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. அந்த மூன்று மாதமும் பயந்துகொண்டுதான் வேலை பார்த்தேன். மார்ச்சில் ஆர்டர் வந்தது.

கடைசிக் கட்டம்

பேஜில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன். மேலே 'மலை' என்று தலைப்பு. அதற்கு ஃபார்முலா கிடையாது. தினமும் சாயங்காலம் இ.டி.பி. போன் அடிக்கும். எடுத்தால் ஷபீர் பாய் குரல் ஒரு வார்த்தை சொல்லும்: "நிழல்." நான் நேரத்தைப் பார்த்து டைப் பண்ணுவேன். மழை நாளில் "மழை" என்பார், மழை என்றே எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமைகள் காலி. ஒரு வருஷம் முழுக்க அப்படி நிரப்பினோம். அடுத்த ரம்ஜானுக்குப் பிறை பார்க்கப் போகிறவர்களுக்கு, கெமிக்கல் ஸ்டோர் மாடி வேண்டாம், ரயில்வே கேட் தாண்டி மலை தள்ளியிருக்கிற பக்கம் போங்கள் என்று என்னால் சொல்ல முடிந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்து, கண்ணால பார்த்தோம் என்று சொன்னார்கள்.

இப்போது ரூபி எல்.கே.ஜி. போகிறாள். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் அந்தப் பேஜைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். எல்லாக் கட்டமும் கணக்கில் வருகிறது, இது மட்டும் ஏன் கையால் போட்டிருக்கிறது, நடுநடுவே காலியாக வேறு இருக்கிறது, எடுத்துவிடலாமா மேடம் என்றாள்.

எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. சொல்லாமல் சாயங்காலம் அவளை அசார்ட்டிங் ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஷபீர் பாய் தோலைத் திருப்பிக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

"யாரு கிரேஸு இது, அடுத்த கம்ப்யூட்டரா?"

அவளை ஜன்னல் பக்கம் நிற்கச் சொன்னேன். மேஜை மேல் இரண்டு தோல் கிடந்தன, இரண்டு பிரவுன். மலை நிழல் மெதுவாக முற்றத்தைக் கடந்து வந்து ஷெட் சுவரில் ஏறியது. அவள் தோலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை ஒன்றாகிவிட்டன. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

எடுக்க வேண்டாம் மேடம் என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தக் காலியாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளையாவது முந்தின நாளையும் அடுத்த நாளையும் வைத்து நிரப்பிவிடலாமே என்றாள். கெட்டிக்காரப் பெண். கணக்குப்படி அது சரியாகத்தான் வரும்.

ஆனால் அந்த நாட்களில் யாரும் பார்க்கவில்லை. நம்மிடம் யாராவது ஒரு நேரம் சரியா என்று கேட்டால், எதற்காகக் கேட்கிறார்கள் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். போய்ப் பார்க்காததைப் பார்த்ததுபோல எழுதக் கூடாது. நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்ள இன்னொருவர் மேஜையை இழக்கப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறோம்.